பதினொரு வினாடிக் கண்ணீர்

பிள்ளைக் காம்பராவில் இருந்த பிளாஸ்டிக் கதிரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டது நான்தான். பாதிக்கப்பட்ட பெண்ணை முதுகுப் பக்கமாகப் படம்பிடிப்பதை எங்கள் தொழிலில் மரியாதை என்று சொல்வோம். மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த அறையில், அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒருவரும் இல்லை. கங்காணி அக்கா உள்ளே வந்தார். கதிரையைப் பார்த்தார். ஒரு கையால் அதைத் தூக்கிக் கமராவின் பக்கம் திருப்பி வைத்து உட்கார்ந்தார்.

"நான் எதுக்குப் பாப்பா முதுகக் காட்டணும்? செஞ்சவன்தானே செவுத்தப் பாத்து நிக்கணும்?"

லுணுகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் நானும் பிறந்தேன். என் அம்மாவும் அவரும் ஒன்றாகக் கொழுந்து பறித்தவர்கள். நான் பதுளைக்குப் படிக்கப் போய், ஒரு தொலைக்காட்சிக்கு மாவட்டச் செய்தியாளர் ஆனேன். அவர் எங்கள் டிவிசனில் வேலையை மேற்பார்க்கும் முதல் பெண் கங்காணி ஆனார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று யார் எந்த மலைக்குப் போவது என்று ஒரு பெண் சொல்வதைச் சிலரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கோயில் திருவிழாவில் எடுத்த படத்திலிருந்து அவருடைய முகத்தை எடுத்து, யாரோ ஒரு நிர்வாண உடலில் கணினியைக் கொண்டு பொருத்தினார்கள். அது வட்ஸ்அப்பில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு லயம் போனது. பொய்ப் படம் என்று பார்த்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்த அவருடைய கணவர் இரண்டு நாட்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. அக்கா மறுநாளும் பெரட்டுக்குப் போனார். வரிசையில் ஒருவன் சிரித்தபோது, "சிரிச்சு முடிச்சிட்டியா? அப்ப நாலாம் நம்பர் மலைக்குப் போ" என்றாராம்.

சம்மதமில்லாமல் அந்தரங்கப் படங்களைப் பரப்புவதையும், இப்படிப் போலியாகச் செய்வதையும் தண்டிக்கும் சட்டம் பற்றி நாட்டில் பேச்சு எழுந்த நேரம் அது. கொழும்பிலிருந்து எங்கள் செய்தி ஆசிரியர் அழைத்தார். "உங்க பக்கம் யாராவது ஒரு பொம்பளை கிடைக்குமா? நீங்களும் பொம்பளைதானே, பேசுவாங்க." இந்த வார்த்தைகளைக் கேட்டு எனக்கு அன்றைக்கே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்ல செய்தி கிடைக்கப்போகிறது என்ற உற்சாகம்தான் வந்தது.

அக்கா இருபது நிமிடம் பேசினார். தடுமாறாமல், கமராவை நேராகப் பார்த்து, யாரையும் கெஞ்சாமல் பேசினார். பள்ளிக்கூடம் போகும் மகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாய்ப்பேச்சை மட்டும் நான் நம்பவேண்டியதில்லை என்று அந்தப் படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தார். "இத இன்னொருத்தர் பாக்கக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்குறது" என்றார். "பயப்படாதீங்க அக்கா" என்றேன். பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஆசிரியர் மறுபடி அழைத்தார். சரிபார்க்க வேண்டும், படத்தை அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். பஸ் ஒரு வளைவு திரும்புவதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் செய்தியில் அவருடைய இருபது நிமிடங்களில் பதினொரு வினாடிதான் இருந்தது. அதுவும் அவர் அழுத பதினொரு வினாடி. காட்டு என்று அவர் திருப்பிவைத்த முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். காட்டாதே என்று அவர் கேட்ட படத்தையும் மங்கலாக்கி, பின்னணியில் போட்டிருந்தார்கள். தோட்டத்தின் பெயர் தெளிவாக இருந்தது. 'தோட்டத்துப் பெண்ணின் கண்ணீர்' என்று தலைப்பு. அதற்குப் பிறகு சட்டத்தரணி ஒருவர் வந்து சம்மதம் என்றால் என்ன என்று அழகாக விளக்கினார். அதுவரை அந்தப் படத்தைப் பார்க்காதவர்களும் அன்று அதைத் தேடிப் பார்த்தார்கள். அக்காவின் மகள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று இருந்துவிட்டாள். நான் ஆசிரியரிடம் கத்தினேன். "மங்கலாக்கித்தானே போட்டோம், அதுல என்ன பிழை?" என்று கேட்டார். அந்தக் குரலில் நிம்மதி இருந்தது.

நான் தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில், பெண்கள் கூடைகளோடு வரிசையில் நிற்க, அக்கா என்னை ஏறெடுத்துப் பார்த்தார்.

"நீயும் அனுப்பிட்டல்ல?"

"ஆமாங்க அக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

படம் செய்தவன்மேலும், அதைப் பரப்பியவர்கள்மேலும், ஆசிரியர்மேலும் சேர்த்துவைத்திருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் என்மேல் திரும்பியது. சம்மதம் என்ற சொல்லை நான் என் செய்தியில் நான்கு தடவை எழுதியிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "அழுவாத. ஒன்னய சமாதானப்படுத்த எனக்கு நேரமில்ல. படம் யாருகிட்டயிருந்து வந்திச்சுன்னு லயம் லயமாப் போயிக் கேட்டேன். ஒருத்தனும் வாயத் தொறக்கல. பொலிசுல நான் குடுத்த முறைப்பாடும் அப்படியே கெடக்கு. நாளைக்குப் பொலிசுக்கு வா."

போனேன். மேசையில் இருந்த தமிழ் உத்தியோகத்தர், "நீங்க சாட்சியா?" என்று கேட்டார். "இல்ல. படத்த அனுப்பினவங்கள்ல ஒருத்தி" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "எழுதுங்க சார்" என்றார் அக்கா. யாருக்கு, எப்போது, யார் கேட்டு அனுப்பினேன் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். தொலைக்காட்சியில் என் வேலை அந்த வாரமே போனது. அந்தச் செய்தியையும் அவர்கள் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாமல் நீக்கினார்கள். படம் செய்தவன் யார் என்று இன்றும் தெரியாது. அவனும் காலையில் அக்காவின் முன்னால் பெரட்டில் நிற்கிறான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அன்று பொலிஸ் வாசலில், பஸ்ஸுக்கு நடக்குமுன் அக்கா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குக் கோவம் போகல. போகவும் போகாது. ஆனா இம்புட்டு நாளா ஆளே இல்லாத முறைப்பாட்டுல இப்ப ஒரு பேரு இருக்கு. அது உன்னோடது."