கைப்பட எழுதாத நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

1997 அக்டோபர் 20, திங்கட்கிழமை காலை. கையெழுத்து வாங்கக் கொடுத்து, கோயில் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த ஐந்து தாள்களை மேசைமேல் பரப்பிய யோகம்மா, பார்த்த மாத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டார். அதன்பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் மலேசியாவும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கும் மகஜர் அது. ஜார்ஜ் டவுனில் ஏழு பேர் சேர்ந்து நான்கு மாதம் அலைந்து திரட்டியது. வியாழக்கிழமை ரயிலில் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் பெயர், அடையாள அட்டை எண், அவரவர் கையெழுத்து இருக்க வேண்டும். இந்தத் தாள்களிலோ பெயருக்கு நேரே பூசம், ரோகிணி, சுவாதி என்று இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பெயரும் ஒரே கையால் எழுதியவை.

நேரே கோயிலுக்குப் போனார். அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் கந்தப்பு தலையைச் சொறிந்தார்.

"நான் என்னக்கா செய்ய? நல்ல காரியம், எங்க குடும்பத்தையும் சேத்துக்கன்னு சொல்றாங்க. பேர் சொன்னா நட்சத்திரம் கேட்டே பழகிப்போச்சு."

"லண்டன்ல இருக்கிறவன் பேரு இருக்கு. போன மாசம் பொறந்த புள்ள பேரு இருக்கு. அது எப்படி லா கையெழுத்துப் போடும்?"

"அர்ச்சனைன்னா எல்லாரையும்தானே அக்கா சேப்போம்!"

யோகம்மா 1958 முதல் 1991 வரை துறைமுகக் கிடங்கு அலுவலகத்தில் சரக்குப் பட்டியல் சரிபார்த்தவர். பட்டியலில் இருந்தும் கிடங்கில் இல்லாத ஒரு மூட்டைக்காக மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைத்த நாட்கள் உண்டு. ஓய்வுக்குப் பிறகு கூட்டம், மகஜர் என்று எதற்கும் போகாமல்தான் இருந்தார். யாழ்ப்பாணத்தில் தங்கை மகன் போர்க்கால இடப்பெயர்வு முடிந்து வீடு திரும்பி, தன் வேலியோரத்தில் கண்ணிவெடிக்கு வலது காலைப் பறிகொடுத்ததாகக் கடிதம் வந்த வாரத்தில், தாமாகவே போய்க் குழுவில் சேர்ந்தார்.

குழுச் செயலாளர் ஹென்றி தொலைபேசியில் சிரித்தார். "அப்படியே கட்டி அனுப்புங்கக்கா. யாரு லா ஒவ்வொரு வரியா பாக்கப் போறா?"

"நான் அங்க இருந்தா பாத்திருப்பேன். ஒண்ணு பொய்னு தெரிஞ்சா மத்த தொள்ளாயிரத்தையும் தூக்கிப் போட்டிருப்பேன்."

செவ்வாய் மாலை கோயில் வாசலில் புதுத் தாளோடு நின்று, வந்தவர்களைப் பிடித்தார். புதனன்று, கந்தப்பு தந்த முகவரிகளோடு ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து பஸ்ஸில் தாசேக் கெலுகோர். தீபாவளிக்கு எட்டே நாள். வீட்டுக்கு வீடு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார்கள். நல்லம்மா என்பவர் மாவுக் கையோடு வந்து சண்டைக்கு நின்றார்.

"சாமிக்குப் பேர் சொன்னா போதும். கவர்மெண்டுக்கு மட்டும் கையும் வேணுமா?"

"சாமிக்கு உங்களைத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே அக்கா. ஐசி அட்டையை எடுத்துட்டு வாங்க."

"அடேயப்பா, லைசென்ஸ் எடுக்கப் போனா ஜேபிஜே ஆபீஸ்ல கூட இவ்வளவு கேக்கமாட்டான்," என்று முணுமுணுத்தபடியே கையைக் கழுவிக் கையெழுத்திட்டார்.

வியாழன் பிற்பகல்வரை எழுபத்தொன்று தேறியது. நாற்பத்தொன்று தேறவில்லை: வெளிநாட்டிலிருப்பவரும் குழந்தைகளும் இருபத்திரண்டு, வீட்டில் இல்லாதவர் பத்தொன்பது. அடிக்கோல் வைத்து ஒவ்வொன்றாக அடித்தார்.

பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் ஹென்றி முகப்புக் கடிதத்தைக் காட்டினார். 'ஆயிரம் பேர்' என்று தட்டச்சாகியிருந்தது.

"பத்திரிகைக்கும் சொல்லிட்டேன் அக்கா. இருபத்தொன்பதுதான் குறையுது. இங்கயே யாரையாவது..."

"வண்டி கிளம்பப் போவுது. பேனாவைக் குடு."

ஆயிரத்தை அடித்து, மேலே 971 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். ஹென்றி முகத்தைச் சுளித்தபடி ஏறினார். ரயில் போனபின்னும் யோகம்மா நடைமேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தார். எண்ணிக்கை குறைந்ததால் மகஜரை ஒதுக்கிவிடுவார்களோ? தம்முடைய பிடிவாதத்தால் காரியம் கெட்டுவிடுமோ?

மறுநாள், 24ஆம் தேதி, காலை ஆறே காலுக்கு வெற்றுத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஃபெரி ஏறினார். வீட்டில் இல்லாத பத்தொன்பது பேரின் முகவரியும் கையில் இருந்தது. கிடைப்பதைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.