தறிகள் நின்ற அரை மணி நேரம்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், தலையில் மாட்டிக்கொண்டு பேசுகிற மைக் ஒன்று இருக்கிறது. காதுப் பஞ்சு உதிர்ந்து, வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கும் கம்பி மட்டும் மிச்சம். வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி படங்களோடு சேர்த்து அதையும் துடைத்து வைப்பாள்.

எண்பதுகளில் நான் சின்னாளபட்டியில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றவன். வயரும் திருகாணியும் தெரியும், அவ்வளவுதான். அப்போது அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அவள் மகளுக்கு அப்போது மூன்று வயது. "உசுரு முருகன் பாடு. எங்கொரலு இவளுக்கு ஞாபகம் இருக்காதுல்ல, அதுக்கு நீ ஏதாச்சும் பண்ணு" என்றாள் அக்கா.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் எனக்குக் கொடுத்திருந்த இந்த மைக்கை டேப் ரிக்கார்டரில் மாட்டினேன். மறுநாள் அவள் மதுரைக்குப் போக வேண்டும். தலையில் வைத்ததும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "ஏலே, மாட்டுக்குக் கொம்பு சீவிவிட்ட மாதிரில இருக்கு! இதுல பேசுனா பழனி முருகனுக்குக் கேக்குமா?" ஒத்திகைக்காக அதைப் பதிந்து போட்டுக் கேட்டேன். கட்டி வந்தும் கணீரென்ற குரல்தான். ஆனால் பின்னால் தெரு முழுக்கத் தறிச் சத்தம். எனக்கு அது குப்பையாகப் பட்டது.

வீடு வீடாகப் போய் அரை மணி நேரம் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. எங்கள் தெருவில் பகலில் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்பது சாவு விழுந்தால்தான். அது என் புத்தியில் உறைக்கவில்லை. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "யாரும்மா போனது?" என்றார். "நாந்தான் பெரியப்பா, நாளைக்கு. மதுரைக்கு" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

அந்த அமைதியில் தெருவே தன்னைக் கேட்பதுபோல அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. "பாப்பா, எந்திரி... தலை சீவணும்ல..." என்று முணுமுணுத்தாள். குரல் எட்டவில்லையென்று நான் ஒலி அளவைத் திருகி ஏற்றினேன். ஒத்திகைதானே என்று கேசட்டைச் சுற்றி, முதலில் பேசியது அழிய அதன் மேலேயேதான் பதிந்தேன்.

அவள் பஸ் ஏறிய பிறகு போட்டுக் கேட்டேன். உஸ்ஸென்று, அடுப்பில் ஈர விறகு கத்துவதுபோல இரைச்சல். மைக்கின் இரைச்சல் முதலிலும் இருந்திருக்கும். தறிச் சத்தத்திலும் அவள் குரலிலும் அது அமுங்கிக் கிடந்திருக்கிறது. குரலை ஏற்றுகிறேன் என்று இரைச்சலை ஏற்றிவிட்டேன். சத்தத்தின் கூர்மையைக் குறைத்தால் அக்கா கம்பளிக்குள்ளிருந்து பேசினாள். வேறு கேசட்டுக்கு மாற்றினால் இரைச்சல் இரட்டித்தது. பழனிக்கு நடந்துபோய் மொட்டை போட்டேன். அங்கே எதைக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிழைத்து வந்தாள். சாகும்வரை ஒன்பது வருடம் கையைத் தட்டித்தான் மகளைக் கூப்பிட்டாள். கேசட்டைக் கேட்டபோது என் தலையில் கை வைத்தாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

போன மாதம் அந்த மகளின் பையன் கம்ப்யூட்டரில் போட்டு இரைச்சலை எடுத்துக் கொடுத்தான். சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டு முறை கேட்டுவிட்டு அவள் என்னிடம், "ஏன் மாமா, அம்மா கொரலு இம்புட்டு பயந்த கொரலா?" என்றாள்.

இல்லம்மா என்று சொல்லி, கொம்பையும் பழனி முருகனையும் அக்கா மாதிரியே பேசிக் காட்டப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து அந்த மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவள் கேட்டது முருகனுக்குக் கேட்டிருக்கும். அவள் மகளுக்குத்தான் கேட்காமல் பண்ணிவிட்டேன்.