நெத்திலிக்குப் பதில் ஒரு கைப்பிள்ளை

எண்பதுகளின் தொடக்கம், ஒரு ஜூன் மாதம். காரைக்கால்மேட்டில், அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு தொடக்கப்பள்ளியில் நான் வாத்தியாராகச் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. விழிதியூரில் நெல் விதைத்து, நெல் அறுத்து, மிச்ச நேரத்தில் நெல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்கள் குடும்பத்தில் முதல் அரசாங்கச் சம்பளக்காரன் நான். தலைக்குள் புத்தகங்கள் நிறைய இருந்தன. வேறு எதற்கும் இடமில்லாத அளவுக்கு இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

பள்ளியில் தலைமையாசிரியரும் நானும் மட்டும். அவர் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் படித்தவர். கோபம் வந்தால் பிரெஞ்சில் முணுமுணுப்பார். எனக்கு ஒன்றும் புரியாது என்பதால் எங்கள் உறவு சுமுகமாகவே இருந்தது.

பையன்கள் ஓரளவு வந்தார்கள். பெண்பிள்ளைகள் உட்காரும் பக்கத்தில் மட்டும் தரை புதுசாகவே இருந்தது, தேய்க்க ஆளில்லாமல். "போய்க் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றார் தலைமையாசிரியர். அதற்கென்றே பிறந்தவன் போலக் கிளம்பினேன். பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று நம் அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. இதை இந்த ஊருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அதுதான் குறை என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த வயதில் உலகத்துக் குறைகள் எல்லாமே நல்ல சொற்பொழிவு ஒன்று இல்லாததால் வந்தவையாகத் தோன்றும்.

காலையில் கடற்கரைக்குப் போனால் ஊரே இருக்கும் என்றார்கள். ஏன் இருக்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போனபோது மீன்பிடி வல்லங்கள் கரையேறியிருந்தன. மணலில் குவியல் குவியலாக மீன். ஒவ்வொரு குவியலுக்கும் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அன்னக்கூடைகளோடு பெண்கள் சுற்றி நின்றார்கள். அவர்கள் ஓரத்தில், எட்டு வயது இருக்கும், ஒரு சிறுமி, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். குழந்தை அவளில் பாதி இருந்தது.

"பாப்பா ஏன் பள்ளிக்கூடம் வரலை?" என்றேன்.

பதில் அவள் அம்மாவிடமிருந்து வந்தது. "அவ வந்துட்டா இவன யாரு தூக்குறது? ஏலம் விழுற நேரமும் ஒங்க மணி அடிக்கிற நேரமும் ஒண்ணாத்தானே இருக்கு!"

சொற்பொழிவுக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்வி இலவசம், ஒரு காசு கட்ட வேண்டாம், புத்தகம் இலவசம், மதியச் சாப்பாடு இலவசம் என்று அடுக்கினேன்.

"எல்லாம் இலவசந்தான், யாரு இல்லைங்கிறா? இவன ஒங்க கவர்மெண்டு வந்து தூக்குமா?"

சுற்றிலும் சிரிப்பு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒவ்வொரு குழந்தைக்கும்!" என்று ஒரு விரலை வானத்தை நோக்கி உயர்த்தினேன். மேடைப் பேச்சாளர்களைப் பார்த்துக் கற்ற விரல் அது.

"மூணு தரம்!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. "நெத்திலி வாத்தியாருக்கு!"

அந்தக் கரையில் யாரும் விலையைக் கத்திச் சொல்வதில்லை, விரலைத்தான் தூக்குகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. என் காலடியில் ஒரு குவியல் நெத்திலி வெள்ளியாக மின்னியது. எங்கள் வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை.

"ஐயா, நான் சைவம்" என்றேன் ஏலம் விடுபவரிடம்.

"அது மீனுக்குத் தெரியாதுங்களே. இங்க ஏலம் விழுந்தா விழுந்ததுதான், பஞ்சாயத்துக் கட்டுப்பாடு" என்றார் மரியாதையாக.

"நல்லா வறுத்துத் தின்னுங்க வாத்தியாரே, ஒடம்பு தேறும்" என்றது ஒரு குரல். "அய்யோ, துண்டுல கட்டிக் குடுங்கடி" என்றது இன்னொன்று. கல்வி கற்பிக்க வந்தவனைச் சுற்றி நின்று ஒரு ஊரே சிரித்தது.

அந்தத் தாய்தான் முன்னால் வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, ஒங்க மீனை நான் தூக்கிட்டுப் போறேன். அதையும் சேத்து விக்கணும்னா உள்ளூர்ல விக்காது, நெடுங்காட்டுப் பக்கம்தான் போவணும். நான் வர்ற வரைக்கும் எம்புள்ளைய நீங்க தூக்குங்க. இவளும் கூட வரட்டும், அவன் அழுதா என்ன செய்யணும்னு சொல்லுவா."

பேரம் முடிந்தது. அவள் தலையில் என் நெத்திலி ஏறியது. என் தோளில் அவள் பிள்ளை ஏறினான்.

கடற்கரையிலிருந்து பள்ளி வரை வந்த ஊர்வலத்தை விவரிக்கப் போவதில்லை. "ஏ, கவர்மெண்டு புள்ள தூக்கிட்டுப் போவுது பாருடி!" என்று வழிநெடுகச் சொல்லி மற்றவர்களே விவரித்துவிட்டார்கள். பள்ளி வாசலை மிதிப்பதற்குள் என் இடது தோள் நனைந்துவிட்டது. தலைமையாசிரியர் பார்த்தார். நீளமாக, பிரெஞ்சில் முணுமுணுத்தார்.

பிள்ளையோடு பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அழுதான். திரும்பாவிட்டால் சாக்பீஸைத் தின்றான். உட்கார்ந்தால் வீறிட்டான். நடந்துகொண்டே இருந்தேன். என் தொண்டைக்குத் தெரிந்த அத்தனை தத்துவமும் "ஜோ ஜோ" என்று சுருங்கிப்போனது.

அவன் அக்காவைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள், ஒரு பக்கமாகச் சாய்ந்து. இடுப்பில் பாரம் இல்லாமல் எப்படி உட்காருவதென்று அவளுக்குத் தெரியவில்லை. சிலேட்டைக் கொடுத்தேன். முதலில் இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வலது கையால் எழுதினாள். மதியம் மணி அடிப்பதற்குள் நேராக உட்கார்ந்துவிட்டாள். சிலேட்டு நிறைய 'அ' இருந்தது, எல்லாம் சற்றுச் சாய்ந்தவை.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தாய் வந்தாள், வெறும் அன்னக்கூடையோடு. "வித்துடுச்சு, ஏலக் காசையும் கட்டிட்டேன். ஒங்க மேல பழி இல்ல வாத்தியாரே" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "வாடி போவலாம்."

சிறுமி எழவில்லை. சிலேட்டை நெஞ்சோடு அணைத்தபடி, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். இவ்வளவு படித்தவன், இப்போது என்ன சொல்லப் போகிறான் என்ற பார்வை.

"நாளைக்கும் கொண்டுவாங்க" என்றேன்.

"நாளைக்கும் நெத்திலி எடுக்கப் போறீங்களா?"

"மீன் வேண்டாம்மா. புள்ளைய மட்டும் தூக்குறேன்."

பின்னால் தலைமையாசிரியர் இருமினார். "கைக்குழந்தையை வகுப்பில் வைக்க ரூல்ல இடமில்லைங்க."

"வைக்கக் கூடாதுன்னும் ரூல்ல இல்லையே சார்."

அவர் யோசித்தார். ரூலை மதிப்பவர்களிடம் உள்ள ஒரே வசதி, இந்த மாதிரிக் கேள்வி அவர்களைத் தூங்கவிடாது. மறுநாள் காலை அவருக்கு முன்பே அந்தத் தாயும் மகளும் பிள்ளையும் வாசலில் நின்றார்கள். தலைமையாசிரியர் தன் மனைவியின் பழைய சேலை ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வகுப்பின் உத்தரத்தைக் காட்டி, "உறுதியாத்தான் இருக்கு, கட்டுங்க" என்றார்.

தூளி கட்டிய செய்தி ஒரே ஏலத்தில் ஊர் முழுக்கப் போனது. இடுப்பில் தம்பி தங்கைகளோடு மற்ற பெண்பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். எங்கள் வகுப்பு பாதி பள்ளிக்கூடமாகவும் பாதி பிள்ளைவரம் வேண்டும் கோயிலாகவும் காட்சியளித்தது. முதலில் வந்த அந்தச் சிறுமி ஐந்தாம் வகுப்பை முடித்து டவுனில் உயர்நிலைப்பள்ளிக்குப் போனாள். முறையாக ஒன்றாம் வகுப்பில் சேர அவள் தம்பி வந்தபோது, அந்த வகுப்பில் அவனுக்கு என்னைவிடச் சற்றுத்தான் சர்வீஸ் குறைவு. பாடம் எல்லாம் மனப்பாடம். உட்கார மட்டும் மறுத்தான், தூக்கச் சொல்லி.

பின்னாளில் கல்வி உரிமைக்கென்று சட்டமே வந்தது. பத்திரிகையில் வரி விடாமல் படித்தேன், மகிழ்ந்தேன். ஆனாலும் அப்படி எந்த அறிவிப்பைப் படித்தாலும், 'அது சரி, கைப்பிள்ளையை யார் தூக்குவது?' என்று ஒரு குரல் எனக்குள் கேட்கிறது, இடது தோளும் லேசாக நனைந்தது போலிருக்கிறது.