மூன்றாவது ஓலையும் செவ்வாய்க்கிழமைகளும்

அன்புள்ள உறவினர்களுக்கும், சபையாருக்கும், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அப்பாவை அறிந்துகொண்ட நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் ஸ்தோத்திரங்கள். எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. மூத்த மகன் என்பதால் அப்பாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பைத் தங்கை என் தலையில் கட்டிவிட்டாள். இத்தகைய நினைவு மலர்களில் மறைந்தவர் ஒரு தவறும் செய்யாதவராகவே இருப்பார். அப்படி எழுதினால் அப்பாவே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "உள்ளத எழுது. நீட்டி முழக்காத" என்றார்கள்.

அப்பா தேவதானத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்து, ஊழியப் பயிற்சி பெற்று, வத்திராயிருப்புப் பக்கம் ஒரு சிறிய சபைக்கு உபதேசியாராக வந்தார்கள். குருவானவர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது முதல் பிரசங்கம் வரை உபதேசியார் பாடுதான். ராஜபாளையத்தில் மில் தொழிலாளி ஒருவரின் மகளான எங்கள் அம்மாவை அந்தச் சபையில் இருந்தபோதுதான் மணந்தார்கள். அம்மாவுக்கு நல்ல குரல். ஆராதனையில் பாட்டு எடுத்துக் கொடுப்பதும், ஓய்வுநாள் பள்ளி நடத்துவதும், பெண்கள் கூட்டமும் அவர்கள் பொறுப்பு. ஆளுக்கொரு சைக்கிள் வைத்துக்கொண்டு இருவரும் வீடு வீடாகப் போவார்கள். அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவே இல்லை.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அந்தத் தவறு நடந்தது. எங்கள் சபையில் ஒரு திருமணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனைகளில் மணமக்கள் பெயரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். இதை ஓலை வாசிப்பது என்போம். அந்த ஊரில் கணவரை இழந்த ஓர் அம்மா, மகளுக்குப் பெரும்பாடுபட்டு ஒரு சம்பந்தம் முடித்திருந்தார். மாப்பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போகும் தேதி திடீரென்று முன்னால் வந்துவிட்டது. அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து அழுதார்.

"உபதேசியாரே, மூணாவது ஞாயித்துக்கிழமைக்கு மாப்பிள்ளை இங்க இருக்க மாட்டாரு. இது தட்டிப்போச்சுன்னா எம் பிள்ளைய இனி யாரு கேப்பா?"

அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. இரண்டாவது ஞாயிறு காலை ஆராதனையில் இரண்டாம் ஓலையை வாசித்தார்கள். அன்று மத்தியானமே பெண்கள் கூட்டத்தில் மூன்றாவதையும் வாசித்துவிட்டார்கள். பதிவேட்டில் மட்டும் ஒரு வாரம் முந்தியே தொடங்கியதாகக் காட்டி, மூன்று ஞாயிறுகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதை நம்பிக் குருவானவர் வந்து திருமணத்தை நடத்தினார். பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாகவே வாழ்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தன்னைக் கலக்காமல் கல்யாணம் முடிந்த கோபத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் ஞாயிறுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, சபை மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்.

விசாரணைக்கு ஐந்து பேர் வந்தார்கள். சபைக் கோயிலுக்குள் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். "மூணு ஞாயிறும் வாசிச்சேன் ஐயா" என்று அப்பா சொல்லிவிட்டார்கள். அடுத்து அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்கள். பிறகு சொன்னார்கள்:

"இல்ல ஐயா. மூணாவது ஓலைய ரெண்டாவது ஞாயிறு மத்தியானமே வாசிச்சிட்டாவ. ஒரு ஏழப் பிள்ளைக்காகத்தான் செஞ்சாவ. ஆனா வாசிச்சது ரெண்டே ஞாயிறுதான்."

ஓலையை அவசரப்பட்டு வாசித்ததை மன்னித்திருப்பார்களாம். பதிவேட்டில் எழுதிய பொய்யையும், கோயிலுக்குள் நின்று சொன்ன பொய்யையும் மன்னிக்க முடியாது என்றார்கள். அப்பாவின் வேலை போயிற்று. உபதேசியார் வீடு சபைக்குச் சொந்தம் என்பதால் வீடும் போயிற்று. நாங்கள் ராஜபாளையத்துக்கு வாடகை வீட்டுக்கு வந்தோம். அப்பா ஒரு மில்லில் ஆள் வருகை எழுதும் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அதன்பின் அப்பா அம்மாவோடு நேராகப் பேசவில்லை. எல்லாம் தங்கை வழியாகத்தான். அம்மா ஒரு கை எட்டும் தூரத்தில் சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள், அப்பா தங்கையைப் பார்த்து, "ஒங்கம்மாட்ட ரசம் இருக்கான்னு கேளு" என்பார்கள். அவளும் திரும்பி, "அம்மா, ரசம் இருக்கா?" என்று கேட்பாள். இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஊழியம் முடிந்துவிட்டது, குடும்பமும் இப்படியே இரண்டாகிவிடும் என்று நான் பயந்தேன். அந்தப் பயத்துக்கெல்லாம் காரணம் அம்மா என்றும் முடிவுகட்டிக்கொண்டேன்.

ராஜபாளையத்திலும் எங்கள் பழைய சபைக்கு ஒரு கோயில் இருந்தது. கோபத்தில் அப்பா அதன் வாசலையே மிதிக்கவில்லை. ஊரில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு ஜெபவீட்டுக்குப் போனார்கள், நானும் கூடவே போனேன். அம்மாவும் தங்கையும் பழைய சபைக்கே போனார்கள். ஞாயிறு காலையில் நான்கு பேரும் ஒன்றாகக் கிளம்பித் தெருமுனையில் ஆளுக்கொரு பக்கம் பிரிவோம். நான்கு வருடம் இப்படி ஓடியது. அப்பாவின் பிரசங்கம் அங்கும் எடுபட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளை தொடங்கி அப்பாவையே பொறுப்பில் வைக்க முடிவு செய்தார்கள். ஒரே நிபந்தனை, குடும்பம் முழுவதும் தண்ணீரில் முழுகி மறுபடி ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும். அப்பா எடுத்தாயிற்று. தங்கை வழியாக அம்மாவிடம் கேட்டார்கள். "குழந்தையில வாங்குன ஞானஸ்நானம் எனக்குப் போதும்னு ஒங்கப்பாட்ட சொல்லு" என்று பதில் வந்தது.

ஜெபவீட்டுப் பெரியவர் ஒருவர் அப்பாவிடம் ஒரு வழி சொன்னார். "வீட்டம்மாவும் எடுத்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்துருங்க பிரதர். இங்க யாரு பாத்தா?" அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பாவைப் பொறுப்பில் வைக்கும் ஆசையில் சொன்னார். பேனாவையும் நீட்டினார். அப்பா அதை வாங்காமல் எழுந்து வெளியே வந்தார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய், நான்கு வருடத்தில் முதல்முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

"ஏட்டி, இன்னொரு பொய் எழுத எனக்குக் கை வரல. அந்த வேல வேண்டாம்னு வந்துட்டேன்."

அம்மா, "சரி, கை கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்கள். அன்று சாப்பிடும்போது தங்கைக்கு வேலை இல்லை.

பேச்சு வந்ததே தவிர ஊழியம் திரும்ப வரவில்லை. மில்லில் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. அன்று அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பார்கள். நான் சபை பக்கமே போவதை விட்டுவிட்டேன். அம்மா மட்டும் செவ்வாய்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி, ஒரு மருத்துவமனையில் பெண்கள் வார்டில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஒருநாள் கிளம்பும்போது அப்பாவின் காலடியில் செருப்பை எடுத்து வைத்தார்கள்.

"ஆம்பளைங்க வார்டுல துணைக்கு ஆள் இல்லாமக் கெடக்காங்க. நான் போய் நின்னா கூச்சப்படுதாங்க. நீங்க வாங்க."

"நான் இப்ப ஊழியக்காரன் இல்ல."

"ஊழியக்காரர யாரு கூப்பிட்டா? எங்க வீட்டுக்காரரத்தான் கூப்பிடுதேன்."

அப்பா போனார்கள். முதல் கட்டிலில் தென்னை மரத்திலிருந்து விழுந்து கால் உடைந்த ஒருவர். "உங்களுக்காக ஜெபிக்கவா?" என்று அப்பா கேட்க, "அது பொறவு பாத்துக்கலாம் ஐயா. மொதல்ல இந்தத் தாடிய எடுக்க ஒரு ஆளப் பாருங்க. அரிப்புத் தாங்கல" என்றாராம். அப்பா கீழே இறங்கிப் போய் ரேசரும் சோப்பும் வாங்கிவந்து தாமே சவரம் செய்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர், "அப்படியே நமக்கும்" என்றார். அன்று நான்கு பேருக்குச் சவரம் ஆனது, ஜெபம் ஒருவருக்குக்கூட ஆகவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா பாடிக்கொண்டே வந்தார்கள் என்று அம்மா சொல்வார்கள். அதற்குப் பிறகு வேதாகமத்தோடு சவரப் பெட்டியும் அப்பாவின் பையில் ஏறிவிட்டது. எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று பார்ப்பதில்லை. சாப்பிட்டாரா, மாத்திரை வாங்க ஆள் உண்டா என்று விசாரிப்பார்கள். ஜெபம் கேட்டவருக்கு மட்டும் ஜெபம்.

இது பழைய சபையின் காதுக்குப் போனது. புதிதாக வந்திருந்த குருவானவர் வீடு தேடி வந்து, ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்ய அப்பாவை அழைத்தார். தங்கை கெஞ்சிக் கேட்டதால் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அப்பா உடனே பிரசங்கத்தைத் தொடங்கவில்லை.

"மொதல்ல ஒண்ணு சொல்லணும். பத்து வருஷத்துக்கு முந்தி கோயிலுக்குள்ள நின்னு நான் பொய் சொன்னேன். எம் பொஞ்சாதி உண்மையச் சொன்னா. அதுக்காக நாலு வருஷம் அவகிட்ட பேசாம இருந்தேன். கர்த்தர்ட்ட எப்பவோ மன்னிப்புக் கேட்டுட்டேன். அவகிட்ட இன்னைக்குத்தான் கேக்கேன்."

பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. அம்மா அழவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு திரும்பும்போது, "இதச் சொல்ல இம்புட்டு வருஷமா?" என்றார்கள். அப்பா அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் இருவரும் ஒன்றாகச் செவ்வாய்க்கிழமைகளில் போய்வந்தார்கள். கடைசியில் மூன்று மாதம் சிறுநீரகம் பழுதாகி அப்பாவே அந்த வார்டில் படுத்தார்கள். அப்போதும் பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிட்டாரா என்று கேட்டுக் கேட்டு நர்சுகளைத் தொல்லைப்படுத்தினார்கள். பிறகு வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரு காலையில், அம்மா பாடிக்கொண்டிருக்கையில் அமைதியாகப் போனார்கள்.

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், வார்டு சுத்தம் செய்யும் அக்காமாருக்கும், நேரம் பார்க்காமல் வெந்நீர் கொடுத்த எதிர்க்கடை பாய்க்கும், பழைய பிணக்கை நினைக்காமல் வந்து பெட்டியைத் தோளில் சுமந்த ஜெபவீட்டுச் சகோதரர்களுக்கும், குருவானவருக்கும், சபையாருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி பாக்கி இருக்கிறது. அப்பா போனபின் அம்மா பெண்கள் வார்டோடு திரும்பிவிடுகிறார்கள். என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. போன திங்கட்கிழமை நானாகவே, "நாளைக்கு நானும் வாரேம்மா" என்றேன்.

"ஏலே, ஒனக்கு ஜெபம் பண்ணத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சரி, வா. தெரிஞ்சவங்கதான் ரொம்ப நேரம் பேசுதாங்க."

போய்வந்தேன். இனியும் போவேன். அம்மா, அப்பா நான்கு வருடத்தில் உங்களோடு பேசிவிட்டார்கள். நான்தான் இத்தனை வருடம் உள்ளுக்குள் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு இருந்தேன். நீங்கள் அன்று பொய் சொல்லியிருந்தால் அப்பாவுக்கு வேலை மிஞ்சியிருக்கும், அப்பா மிஞ்சியிருக்க மாட்டார்கள். என்னை மன்னித்துவிடுங்கள். பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த மலரை அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தித் தருவது நீங்கள்தான் என்று தங்கை சொன்னாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.