எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு மஃப்ளர்

கல்கத்தாவில் குளிர், தெர்மாமீட்டரில் இறங்குவதற்கு முன்பே மனிதர்களின் தலையில் ஏறிவிடும். காளி பூஜை முடிந்த கையோடு கரியாஹாட் நடைபாதையில் குரங்குக் குல்லாய்கள் தொங்க ஆரம்பிக்கும். என் மகள் வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளி அதற்கும் முந்திக்கொள்பவர். செல்போன், லேப்டாப் பழுதுபார்க்கும் சின்ன அறை அது. அவற்றின் உள்ளிருக்கும் சர்க்யூட் பலகைகளை, சட்டென்று ஆவியாகிவிடும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது அவள் வேலை.

போன டிசம்பரில் ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அம்மா, தலை சுத்தறது. பயப்படாதே."

பயப்படாதே என்றால் எனக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். லேக் மார்க்கெட்டில் வாங்கிய முருங்கைக்காயும் கையுமாக ஆட்டோவில் போய் இறங்கினேன்.

வாசற்படியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். முதலாளி தன் குல்லாயைக் கழற்றி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. ஆல்கஹால் டப்பா திறந்திருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவே ஒரு மஃப்ளர் கச்சிதமாகச் செருகியிருந்தது. மேஜைக்கடியில் சிவக்கச் சிவக்க ஒரு ஹீட்டர். டப்பாவின் மேலேயே நெருப்புப் படம் போட்டிருக்கிறது.

வெளிச்சுவரில் இருந்த மெயினை அணைத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, "இது என்ன தாதா?" என்று வங்காளத்தில் அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"சில்லுனு காத்து வருது தீதி. உங்க பொண்ணுக்கு ஜலதோஷம் பிடிச்சா என்னைத்தானே திட்டுவீங்க?"

"ஜலதோஷத்துக்கு என்கிட்ட மிளகு ரசம் இருக்கு. இந்த ஆவிக்கும் நெருப்புக்கும் ஒண்ணும் இல்லை."

மகள் மெல்லத் தமிழில் சொன்னாள்: "அம்மா, முருங்கைக்காயைக் கீழே வை. அவர் பயந்துட்டார்."

அன்று மாலை அவளைப் பரிசோதித்த டாக்டர், காற்றில்லாத அறையில் இனி அந்த வேலை கூடாது என்றார். மறுநாள் முதலாளிக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கிக்கொண்டு போனேன். பதிலுக்கு ஹீட்டர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும், ஃபேன் ஓட வேண்டும், டப்பா மூடியிருக்க வேண்டும் என்றேன். குல்லாய்க்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு சம்மதித்தார்.

இப்போதும் தினமும் மத்தியானம் போன் செய்கிறேன். அவள் எடுத்ததும் நான் உடனே பேசுவதில்லை. பின்னால் அந்த ஃபேன் கடகடக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். அவளுக்கும் அது பழகிவிட்டது.

"இரு, ஃபேன் கிட்டயே குடுக்கறேன், பேசு" என்று போனை அதன் பக்கம் நீட்டிவிடுகிறாள்.