சண்டை வராத கோட்டை

கோட்டை பார்க்கப் போகலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டபோதே எனக்கு மனம் ஒப்பவில்லை. கடலுக்கு நடுவில் ஒரு தீவு, தீவின் கடைக்கோடியில் மலையைக் குடைந்த சுரங்கம், அதற்குள் பிள்ளைகளோடு நுழைவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேறு வேலை இல்லையா என்று நினைத்தேன். ஆனால் அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்துக்கு, ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் ஆறு வயது மகளுக்கு இருந்த ஒரே சிநேகிதி அவருடைய மகள்தான். கணவருக்கு மங்கரேயில் ஞாயிறும் வேலை. மறுக்க வழியில்லாமல் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவருடைய காரையும் ஏற்றிக்கொண்டு போன படகில் அவர் கோட்டையின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் கப்பலில் வந்துவிடுவான் என்று பயந்து, ஆக்லாந்துத் துறைமுகத்துக்குக் காவலாக இந்தத் தீவுகளில் பீரங்கிகளை வைத்தார்களாம். நாங்கள் போகிற வைஹெக்கே தீவின் கிழக்கு முனையில் குண்டு வைக்கும் அறை, இயந்திர அறை, நீள நீளமான நடைவழி என்று ஒரு ஊரையே மண்ணுக்குள் கட்டினார்களாம். எதிரிக் கப்பல் ஒன்றும் வரவில்லை. பிறகு பீரங்கிகளை வெட்டிப் பழைய இரும்பாக விற்றுவிட்டுச் சுரங்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"என் அப்பா அங்கேதான் காவலுக்கு இருந்தார். சலிப்பில் செத்துப் பிழைத்தேன் என்பார்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. சண்டை வரவில்லையே என்று சலித்துக்கொள்வதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

காரை நிறுத்திவிட்டுச் செம்மறிகள் மேயும் புல்வெளி வழியே ஏறினோம். மேடு முழுக்கக் கரிய பாறைகள். சுரங்க வாசல் திறந்து கிடந்தது. உள்ளிருந்து வந்த குளிர் காலில் பட்டதும் எனக்கு உடம்பு கூசியது. உள்ளே விளக்கு இல்லை, தரையில் ஆழமான குழிகள் இருக்கின்றன, பெரியவர்கள் இல்லாமல் நுழையக் கூடாது என்று அவர் பிள்ளைகளை எச்சரித்தார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வாசலுக்குச் சற்றுத் தள்ளிப் பாய் விரித்தோம்.

அப்போதுதான் விமானம் வந்தது. மேட்டுக்குப் பின்னாலிருந்து, தலையில் முட்டிவிடும்போல அவ்வளவு தாழ்வாக. அடிவயிற்றிலிருந்து எதையோ வெள்ளையாகக் கொட்டியது. நான் பார்த்தது அவ்வளவுதான். அடுத்த கணம் ஒரு பாறையின் கீழே, காதுகளைப் பொத்தியபடி குப்புறக் கிடந்தேன்.

"உரம்! புல்லுக்கு உரம் போடுகிறார்கள்!" என்று பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தார்.

எழுந்து உடுப்பைத் தட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் பாயைப் பார்த்தோம். பிள்ளைகளைக் காணவில்லை.

அவர் சுரங்க வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினார். தன் மகளின் பெயர், என் மகளின் பெயர், திரும்பவும் தன் மகளின் பெயர். எதிரொலி வந்தது, பதில் வரவில்லை. இருட்டில் குழிக்குள் விழுந்துவிட்டார்களோ என்று பயந்தேன். ஆனால் விழாமல் இருந்தாலும் பதில் வராது என்பது எனக்குத் தெரியும். ஊரில் குண்டுவீச்சுக்குப் பதுங்க எங்கள் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினால் வாய் திறக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கூடாது. கூப்பிடுவது யாரென்று யார் கண்டது? அம்மாவோ அப்பாவோ உள்ளே வந்து தலையைத் தொட வேண்டும். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

"கூப்பிடாதீர்கள். கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போவாள்" என்றேன்.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பண்ணை வீட்டுக்கு ஓடிப் போலீசைக் கூப்பிடுகிறேன், ஹெலிகொப்டரில் வந்துவிடுவார்கள் என்றார். ஹெலியா! அந்தச் சத்தம் கேட்டால் அவள் வெளியே வரவே மாட்டாள். அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தாருங்கள் என்று கெஞ்சினேன்.

டோர்ச் லைட்டைக் கொளுத்தாமல்தான் போனேன். வெளிச்சத்தோடு வருகிறவன் ஆமிக்காரன் என்பதும் நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு கையைச் சுவரில் வைத்து, குழிக்குப் பயந்து காலால் தரையைத் தடவித் தடவி நடந்தேன். எங்கள் ஊரில் பங்கரை 'ட' வடிவில் வெட்டுவார்கள். ஷெல் சிதறல் நேராகத்தான் பாயும். அதனால் மூலை திரும்பித்தான் உட்கார வேண்டும். முதல் மூலை வந்ததும் திரும்பிக் குந்தினேன். கையை நீட்டினேன். எண்ணெய் வைத்துப் பின்னிய தலை கையில் பட்டது.

தொட்ட பிறகுதான் மூச்சு விட்டாள். "அம்மா, குண்டு போட்டிட்டாங்களோ?"

"இல்லையம்மா. போயிட்டான்."

"இவளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை அம்மா. கத்தப் பாத்தவள்."

பக்கத்தில் தடவினேன். மற்றப் பிள்ளையின் முகம் கண்ணீரில் நனைந்திருந்தது. என் மகளின் கை அதன் வாயை இன்னும் பொத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

வெளியே வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பிள்ளையின் கன்னத்தில் விரல் தடம் சிவந்து கிடந்தது. தாய் அதைத் தடவிப் பார்த்து அழுதார். பிறகு என் மகளைப் பார்த்தார். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனார். ஆறு வயதுக் குழந்தையைக் கண்டு அவர் பயந்துவிட்டார்.

மகள் என் சட்டையை இழுத்தாள். "அன்ரி ஏன் அழுறா? நான்தானே அவளைக் காப்பாத்தினனான்?"

என்ன சொல்கிறாள் என்று அவர் என்னைக் கேட்டார். அதைச் சொல்லும் அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இருந்தது. வாய்தான் வரவில்லை.