குருநகருக்குப் போன குட்டிக் கோவா

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நுவரெலியாவில் கண்டி பேருந்தில் ஏறியபோது, என் மடியில் நான்கு கிலோ பிரசல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ் இருந்தது. ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு. பார்த்தால் பொம்மை வீட்டுக்குச் செய்த முட்டைக்கோசு போல இருக்கும். முட்டைக்கோசு எங்களுக்குக் கோவா; அதனால் சந்தையில் இதைக் குட்டிக் கோவா என்றே சொல்வார்கள்.

கந்தப்பளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போடுகிற நிலத்தில் இந்த முறை பாதிக்கு என் கணவர் இதைப் போட்டார். ஹோட்டல்காரர்கள் வாங்குவார்கள் என்று யாரோ சொன்னார்கள். நன்றாகவும் விளைந்தது. ஆனால் யார் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை. ஒரே ஒரு தடவை வீட்டில் அவித்துப் பார்த்தோம். எழுந்த வாடையில் பிள்ளைகள் இருவரும் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

"ஒன் யாழ்ப்பாணச் சிநேகிதி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடு. அவங்க வாய்க்கு நல்லா இருக்குன்னா அடுத்த போகமும் போடலாம்," என்றார் கணவர். ஈரக் கடதாசி சுற்றி, மீன்காரர்கள் ஐஸ் போடுகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் அவரே அடுக்கித் தந்தார்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் முந்நூற்று இருபது கிலோமீற்றர். எட்டரை மணிப் பேருந்தில் ஆயிரத்து நானூறு ரூபாய். தம்புள்ளை தாண்டியதும் வெயில் ஏறியது. தண்ணீர் தெளிக்க நான் பெட்டியைத் திறந்தபோது, பக்கத்தில் இருந்த இளைஞன் எட்டிப் பார்த்துவிட்டு, பாம்பைக் கண்டவன் போலப் பின்னால் சாய்ந்தான்.

"ஐயோ அன்ரி! உது இஞ்சையும் வந்திட்டுதோ?"

லண்டனில் பிறந்து வளர்ந்தவனாம். கிளிநொச்சியில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க விடுமுறைக்கு வந்திருக்கிறான். "பள்ளிக்கூடத்திலை கிறிஸ்மஸுக்குத் தருவினம். ஒரு மணித்தியாலம் அவிச்சிருப்பினம். வாயிலை வைக்கேலாது," என்றான்.

"அப்ப ஒருத்தருக்கும் புடிக்காதா தம்பி?" என்று கேட்டேன். என் முகம் வாடியிருக்க வேண்டும். அவன் சற்று யோசித்தான்.

"அம்மா மட்டும் பாதியா வெட்டி, கருக விட்டுப் பொரிப்பா. அதெண்டால் ரெண்டு தின்னுவன். ரெண்டுதான்!"

கிளிநொச்சியில் இறங்கும்போது பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். பேருந்தே சிரித்தது.

மாலை நாலரைக்கு யாழ்ப்பாணம். குருநகருக்கு முச்சக்கர வண்டி முந்நூறு ரூபாய். ஸ்ரெல்லா வாசல் படலையிலேயே நின்றாள். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாங்கள் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவள் கணவர் பிலிப் கடற்றொழில் செய்பவர். கதை, சிரிப்பு, சத்தம் எல்லாம் கொஞ்சம் கூடிய மனிதர் என்று நினைவு. அன்று "வாங்கோ ரீச்சர்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மிகவும் மெலிந்திருந்தார்.

குசினிக்குள் அடுப்பை மூட்டியபடி ஸ்ரெல்லா குரலைத் தாழ்த்தினாள். "காய்ச்சல் வந்து போய் எட்டு மாசம், கமலா. அதுக்குப் பிறகு நாக்கிலை ஒண்டும் தெரியேல்லையாம். சோறும் கடதாசியும் ஒண்டுதானாம். காலம் எடுக்கும் எண்டு டொக்டர் சொல்லுறார். முந்தி என்ரை கறியிலை ஒரு குறை சொல்லாமல் இந்த மனுசன் கை கழுவினதில்லை. இப்ப எதைப் போட்டாலும் பேசாமல் திண்டிட்டு எழும்புறார். எனக்கு அதுதான் பயமாக்கிடக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று இரவு உணவுக்கு ஸ்ரெல்லா குட்டிக் கோவாவைத் தேங்காய்ப் பால் விட்டு வெள்ளைக் கறியாக வைத்தாள். பக்கத்து வீட்டில் இருக்கும் பிலிப்பின் தங்கை ரெஜினாவும் வந்திருந்தாள். ஒன்றைக் கடித்தவள், மரியாதைக்காக விழுங்கினாள்.

"குறை நினையாதேங்கோ அக்கா. கோவாவிலை என்ன பிழை கண்டு உதைக் கண்டுபிடிச்சவங்கள்?"

நான்தான் முதலில் சிரித்தேன். ஸ்ரெல்லாவுக்கும் பிடிக்கவில்லை என்று அவள் புருவமே சொன்னது. பிலிப் நான்கைந்து சாப்பிட்டார், எதுவும் சொல்லவில்லை. லண்டன் பையனோடு சேர்த்து மூன்று பேர் வேண்டாம் என்றாகிவிட்டது. ஒருவருக்குச் சுவையே தெரியாது. கணவருக்கு என்ன பதில் கொண்டுபோவது என்ற யோசனையோடு படுத்தேன்.

ஞாயிறு காலை தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் வந்தபின், பத்தரைக்கு நான் குசினிக்குள் புகுந்தேன். அந்தப் பையன் சொன்னபடி ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினேன். நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்து, வெட்டிய பக்கம் சட்டியில் பட அடுக்கி, கறுக்கும்வரை விட்டேன். வெளியே கடற்காற்றில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஸ்ரெல்லா நண்டுக் கறி வைத்திருந்தாள்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. "பறவாயில்லையே," என்று ஸ்ரெல்லா இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள். ரெஜினா தன் சோற்றுக் கோப்பையைக் கையால் மூடினாள். பிலிப் வழக்கம்போலக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று மெல்லுவதை நிறுத்தினார்.

"ஸ்ரெல்லா."

"என்னப்பா?"

"இது கைக்குதோ?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "கசந்தா வச்சிடுங்க அண்ணே. அடி பிடிச்சிருக்கும்."

"பொறுங்கோ ரீச்சர்." இன்னொரு துண்டை எடுத்து, கண்ணை மூடி மெதுவாக மென்றார். "கைக்குது. அடி நாக்கிலை கைக்குது. எடியே ஸ்ரெல்லா, எனக்குத் தெரியுது, நல்லாக் கைக்குது!"

"கைக்கிறதுக்கோ அண்ணை இவ்வளவு சந்தோசம்?" என்றாள் ரெஜினா.

ஸ்ரெல்லா அகப்பையோடு அப்படியே நின்றாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டியில் இருந்தது முழுவதையும் அவர் கோப்பையில் கொட்டினாள். அவர் உடனே நண்டுக் குழம்பைத் தொட்டுப் பார்த்தார்; தலையை ஆட்டினார். அது இன்னும் தெரியவில்லை. ஆனால் விடவில்லை. "வேப்பம்பூ வடகம் கிடக்கோ?" என்று கேட்டார். ஸ்ரெல்லா ஓடிப்போய்ப் பொரித்து வந்தாள். அதையும் மென்று, "ஓம், உதுவும் கைக்குது," என்று மேசையில் தட்டினார். அந்தப் பிற்பகல் முழுவதும், பாகற்காய் தொடங்கிப் பால் விடாத தேயிலைச் சாயம் வரை வீட்டில் கசக்கிற சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்ரெல்லா இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். பிலிப் ஒரு வாய் வைத்தார்.

"உப்புக் கூடிப்போச்சு."

"என்ன கூடினது? அளந்து போட்டனான்!"

"அளந்த கைக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும்."

"எட்டு மாசம் வாய் திறக்காத மனுசன், இப்ப வந்து என்ரை சம்பலிலை குறை சொல்லுறார், கேட்டியே கமலா!"

ஐந்து நிமிடம் நன்றாகச் சண்டை பிடித்தார்கள். அத்தனை மகிழ்ச்சியாகச் சண்டை பிடித்த ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. உண்மையில் உப்புச் சற்றுக் கூடத்தான். நான் சொல்லவில்லை.

ஏழரைக்குக் கண்டி பேருந்து. வெற்றுப் பெட்டி நிறையக் கருவாடு அடுக்கி, பிலிப்பே தூக்கிவந்து ஏற்றினார். "அடுத்த முறை பத்துக் கிலோ கொண்டு வாங்கோ ரீச்சர்," என்றார். "நான் இல்லாத நாளாப் பார்த்து," என்றாள் வழியனுப்ப வந்த ரெஜினா.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கந்தப்பளையில் பனிமூட்டம் படலைவரை இறங்கியிருந்தது. தோட்டத்திலிருந்து ஒரு கிண்ணம் பறித்து, குருநகரில் செய்ததுபோலவே பொரித்தேன். தீவு முழுவதற்கும் மரக்கறி அனுப்புகிற எங்கள் ஊரில் பேச்செல்லாம் மழை, உரம், லொறி என்றே இருக்கும். விளைவித்தது எப்படி ருசிக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஸ்ரெல்லா வீட்டில் மூன்று நாளும் அது ஒன்றே பேச்சு. அன்று எங்கள் வீட்டிலும் நாலு பேர் உட்கார்ந்து அதைப் பற்றி அரை மணிநேரம் பேசினோம். பெரியவள் முகத்தைச் சுளித்தாள். சின்னவள் இன்னும் கேட்டாள்.

கணவர் ஒன்றை நிதானமாக மென்றார். பிலிப் அண்ணனின் கதையை முழுவதும் கேட்டார்.

"எனக்குப் புடிக்கல," என்றார் கடைசியில். "ஆனா நாளைக்கே நாத்துக்குச் சொல்லிடுறேன்." தன் தட்டில் இருந்த மூன்றையும் சின்னவளின் தட்டுக்குத் தள்ளிவிட்டார்.